தட்டப்பாறை தாண்டி நின்ற வண்டி

என்னோடு கடற்கரை மணலைத் தின்று வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது பல் இல்லை, மீதிப் பேருக்குக் காது கேட்பதில்லை. அது தெரிந்துதான் இதைப் பேசாமல் எழுதுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நம் கூட்டாளி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க மாமன்தான ஓடுத ரயில நிப்பாட்டி உங்க அப்பாவக் கொன்னது?" என்று கேட்டாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டாள். இத்தனை வருசம் கழித்தும் ஊர் அதை அப்படித்தான் வைத்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் பாயசம் இறங்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய காலம் அது. முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகு நாளாகியிருந்தது, ஆனால் சங்குக் குளிப்பு இருந்தது. என் அப்பா சங்கு குளிப்பவர். வள்ளத்தில் போய், கல்லை மிதித்துக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மணலைத் துழாவிச் சங்கை எடுத்து இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொள்வார். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஏன் இவ்வளவு சீக்கிரம், இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்றெல்லாம் மேலே நிற்பவர் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கீழே ஆள் இருக்க மாட்டான்.

அதனால் கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காவோ தங்கையோ தாலியறுப்பதை எவனும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்பது நம் ஆட்களின் கணக்கு. அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் அப்பாவின் கயிற்றைப் பிடித்தார். கயிறு அறுத்து அறுத்து அவர் உள்ளங்கை காய்த்துக் கிடக்கும். நான் அழும்போது கண்ணைத் துடைத்துவிட வருவார், கன்னம் எரியும், அதற்கு இன்னும் அதிகமாக அழுவேன்.

அப்பாவிடம் ஒரு சத்தம் உண்டு. தண்ணீரிலிருந்து தலை வெளியே வந்ததும், அடக்கி வைத்த மூச்சை உதட்டைக் குவித்து விசில் மாதிரி விட்டு, பிறகு ஒரு பெரிய மூச்சு இழுப்பார். குளிப்பவர்கள் எல்லாருக்கும் அது பழக்கம். அப்பா வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதும் அதே சத்தம் போடுவார். குசினியில் நிற்கும் அம்மா, "குளிச்சாச்சு, சோத்தப் போடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருசம்தான் எங்கள் வீட்டுக்கு ஜப்பான் ரயில் வந்தது. தெருக்கோடி வீட்டு அண்ணாச்சி துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க்காக இருந்தார். ஜப்பான் கப்பல் ஒன்றிலிருந்து அவருக்கு ஒரு காலண்டர் கிடைத்தது. வீட்டில் ஏற்கெனவே காலண்டர் இருந்ததால் அதை அப்பாவுக்குக் கொடுத்தார். வழுவழுப்பான தாள். கடலை ஒட்டி ஒரு ரயில், பால் நிறத்தில் சிவப்புப் பட்டை போட்டு. புகை கிடையாது. ஜன்னல்களில் ஒரு கைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம், நம் ஊரில் கையை நீட்டாமல் யார் ரயிலில் போகிறார்கள்?

"பட்டணத்துல இருந்து கடக்கரைக்கு ஓடுத வண்டி. லிமிட்டட் எக்ஸ்பிரஸ்னு பேரு" என்றார் அண்ணாச்சி, கப்பல்காரனிடம் கேட்டு வைத்திருந்ததை.

"லிமிட்டட்னா என்ன அண்ணாச்சி?" என்று அம்மா கேட்டாள்.

"கண்ட கண்ட ஸ்டேசன்ல நிக்காது. குடிக்கக் குடுக்குத டீ கோப்பையில தளும்பாதாம்லா."

அப்பா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "நடுவுல ஒருத்தனுக்கு எறங்கணும்னா?"

"எறங்க முடியாது. போற எடம் வந்தாத்தான்."

மாமா சிரித்தார். "அப்ப அது கயிறு இல்லாத வண்டி அத்தான். நமக்கு ஆகாது."

அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் அந்தக் காலண்டரை இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினாள். மாசம் முடிந்தால் தாளைக் கிழிக்க வேண்டும் அல்லவா, கிழிக்க விடவில்லை. அடுத்த மாசங்களிலெல்லாம் எங்கள் வீட்டில் தேதி பார்க்க அண்ணாச்சி வீட்டுக்குத்தான் ஓடினோம். உலகத்தில் எங்கேயோ குலுங்காத வண்டி ஓடுகிறது, அங்கே எல்லாவற்றுக்கும் மிஷின் இருக்கிறது, நம் மெட்ராசிலும் அதில் பாதியாவது இருக்கும் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அவள் வாழ்நாளில் திருச்செந்தூரைத் தாண்டிப் போனவள் இல்லை.

நாம் எல்லாரும் ஜப்பான் ரயில் விளையாடியது உங்களுக்கு மறந்திருக்காது. ஒருநாள் மாமாவின் கயிற்றையே எடுத்துக்கொண்டு வந்து, அதற்குள் வரிசையாக நின்று, கூவென்று கத்தாமல் ஓடினோம், ஏனென்றால் ஜப்பான் வண்டி கத்தாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். திரும்பும்போது நான் கயிற்றைத் தாண்டி மிதித்ததை அம்மா பார்த்துவிட்டாள். குளிக்கிற கயிற்றைப் பெண் தாண்டக் கூடாது. முதுகில் விழுந்த அடியில் எனக்கு மூச்சு நின்றது. பிறகு அவளே உட்கார்ந்து அந்தக் கயிறு முழுவதையும் கடல் தண்ணீரில் அலசினாள். மாமாதான், "விடுக்கா, புள்ள மிதிச்சா கயிறு அறுந்துருமா" என்று என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு இருமல் எப்போது வந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவது குளிப்பவர்களுக்குச் சகஜம், யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் வாயில் வந்தது. அம்மா அந்தத் துணிகளைத் தனியாக வைத்துத் துவைத்தாள். பிறகு அவர் படுத்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்துகொண்டே தூங்குவார். கடலுக்குப் போவது நின்றது. ஊர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், தாமதிக்க வேண்டாம் என்றார்.

எந்தப் பெரிய ஆஸ்பத்திரி என்பதில்தான் எல்லாம் கிடந்தது. மாமா பாளையங்கோட்டை என்றார். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், அங்கேயும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அம்மா மெட்ராஸ் என்றாள்.

"பஸ்சு குலுக்குத குலுக்குல அவுகளுக்கு இருக்க மூச்சும் போயிரும். ரயிலுன்னா ஒரே சீரா போவும்" என்றாள்.

"அக்கா, நம்ம வண்டி காலண்டர்ல உள்ள வண்டி இல்ல. இது கரி வண்டி. மெட்ராசு எங்க கெடக்கு, அதுவரைக்கும் அத்தான் தாங்குவாவளா?"

"மெட்ராசுல மிஷின் வச்சுப் பாப்பாவ. பாளையங்கோட்டையில என்ன இருக்கு?"

"நீ பாளையங்கோட்டையப் பாத்திருக்கியா?"

"நீ மெட்ராசப் பாத்திருக்கியா?"

இருவரும் பார்த்ததில்லை. இதைத்தான் நான் இந்த வயதில் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பார்க்காத இரண்டு ஊர்களுக்காக அக்காளும் தம்பியும் கத்திக்கொண்டார்கள், நடுவில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர், "ஒங்கக்கா சொன்னபடி செய் மாப்ள" என்றார். அவருக்குப் பேச்சைச் சுருக்க வேண்டியிருந்தது, மூச்சு இல்லை.

சாயங்காலம் தூத்துக்குடியில் கிளம்பும் வண்டியில் மெட்ராஸ் போகிற பெட்டிகள் தனியாக இருக்கும். மணியாச்சி ஜங்ஷனில் அவற்றைக் கழற்றி, திருநெல்வேலியிலிருந்து வரும் எக்ஸ்பிரசில் கோப்பார்கள். அம்மா பெட்டியில் எழுதியிருந்ததை அண்ணாச்சியை வைத்து வாசித்துப் பார்த்த பிறகுதான் ஏறினாள். தகரப் பெட்டி, தண்ணீர்க் கூஜா, மாதா கோவில் எண்ணெய்ச் சீசா. மரப் பலகை இருக்கை. அப்பாவுக்கு ஜன்னலோரம். அவருக்குப் பக்கத்தில் அம்மா, எதிரே மாமா, மாமாவுக்குப் பக்கத்தில் நான். எனக்கு அடுத்தாற்போல் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். விவரமானவர், கொஞ்சம் கறாரானவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

எனக்கு அது முதல் ரயில். சந்தோசமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. இரண்டு பக்கமும் உப்பளம், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள், பிறகு உடைமரக் காடு. கரித்தூள் கண்ணில் விழுந்தது. அப்பா ஜன்னலைச் சாத்தச் சொன்னார், புகையில் அவருக்கு இருமல் வந்தது. சாத்தியதும் காற்று நின்றது. திறந்தால் புகை, சாத்தினால் புழுக்கம். அம்மா ஓலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தாள். வண்டி காலண்டரில் ஓடியது போல ஓடவில்லை. பலகை தடதடவென்று ஆடியது, கூஜா மூடி தாளம் போட்டது. அம்மா வெளியே பார்க்கவே இல்லை.

தட்டப்பாறை ஸ்டேசன் தாண்டியதும் அப்பாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலமாகியது. எதையாவது பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார், எதிரே இருந்த மாமாவின் தோளில் கிடந்த துண்டின் நுனி அகப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டார். அம்மா விசிறியைப் போட்டுவிட்டு அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"மணியாச்சி வந்துரும். பொறுத்துக்கிடுங்க" என்றார் டீச்சரம்மா. "ஸ்டேஷன்ல ரயில்வே டாக்டர் உண்டு. ஆக்ஸிஜன் கூட இருக்கும்."

"கேட்டியளா, டாக்டர் இருக்காராம்" என்று அம்மா அப்பாவின் காதருகே சொன்னாள்.

அப்போது அப்பா துண்டைச் சுண்டினார். ஒரே ஒரு சுண்டு. நான் பார்த்தேன். துண்டு விறைத்து நின்றது, அம்மாவின் கையும் அப்பாவின் கையோடு சேர்ந்து மேலே வந்து விழுந்தது. மாமாவின் முகம் மாறியது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, டீச்சரம்மாவைப் பார்க்கவில்லை. எழுந்து, தலைக்கு மேலே இருந்த அபாயச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, வள்ளத்தில் நின்று இழுப்பது போல, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். சங்கிலி அவ்வளவு தூரம் வராது, ஆனாலும் இழுத்தார்.

வண்டி கிறீச்சிட்டு நின்றது. காடு. ஒரு வீடு இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை. டீச்சரம்மா எழுந்து, "என்ன காரியம் செஞ்சீங்க? அறிவிருக்கா? இன்னும் கொஞ்ச தூரம்தானே!" என்று கத்தினார். மாமா காதில் வாங்கவில்லை. அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கிச் சரளைக்கல் மேல் உட்கார்ந்து, மடியில் சாய்த்து, சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தார். "வந்தாச்சு அத்தான். மேல வந்தாச்சு. மூச்சு விடுங்க."

அப்பா விட்டார். உதட்டைக் குவித்து, அந்தப் பழைய விசில் சத்தம். பிறகு ஒரு பெரிய மூச்சு இழுத்தார். காட்டுக் காற்று, உடைமரப் பூ வாசம் இருந்தது. மாமாவைப் பார்த்துத் தலையை அசைத்தார், குளித்து வந்ததும் அசைப்பாரே, அப்படி. இன்னும் சில மூச்சுகள் வந்தன, ஒன்றைவிட ஒன்று சிறியதாக. பிறகு வரவில்லை.

கார்டு கொடியோடு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நின்ற கரி வண்டியை உடனே கிளப்ப முடியாது, சங்கிலியைப் பழைய நிலைக்குத் தள்ளி, பிரேக்கு பிடிப்பு விட்டு, அதற்கெல்லாம் நேரமாகும். அப்பாவை மறுபடி ஏற்றி மணியாச்சி கொண்டு போனோம். அங்கே உண்மையாகவே டாக்டர் இருந்தார். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டேன். டாக்டர்கள் ஆறுதலுக்குச் சொல்கிறார்களோ பழக்கத்துக்குச் சொல்கிறார்களோ தெரியாது. நெஞ்சு முழுக்க அழுகிப்போன மனுசனை ஒரு சிலிண்டர் எத்தனை நாள் இழுத்துப் பிடித்திருக்கும்? இன்று யோசிக்கத் தெரிகிறது. அன்று அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் மெதுவாகப் பேசினார்கள், பிறகு மாமா காதில் விழும்படியே பேசினார்கள். படிக்காத முரடன், பதறிவிட்டான், ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டான். மாமா ஒரே பதில்தான் சொன்னார்: "அத்தான் சுண்டுனாவ. நான் இழுத்தேன்." யாரும் நம்பவில்லை. பயத்தில் செய்ததற்குப் பிறகு காரணம் கண்டுபிடிக்கிறான் என்றார்கள்.

அடுத்த பருவத்துக்கு வள்ளங்கள் தயாராயின. மாமாவின் தங்கை முறையான ஒருத்தியின் புருசனுக்குக் கயிறு பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. முறைப்படி அது மாமாவுக்கு வர வேண்டிய கயிறு. அவன் பயந்தான். கயிறு பிடிப்பவனுக்கு வேறு தொழில் தெரியாது, அந்தக் கை மேல் நம்பிக்கை போனால் அவன் கரையில் நிற்க வேண்டியதுதான். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நியாயமான ஆள், நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா அவருக்குப் பின்னால் வாசலில் நின்றார்.

"ஏளா, நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார் சம்மாட்டி அம்மாவிடம். "உன் புருசன் சுண்டுனானா? சுண்டி இவன் இழுத்திருந்தா இவன் மேல குத்தமில்ல. நாளைக்கே கயிற இவன் கையில குடுக்கேன். பக்கத்துல நீதான இருந்த."

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா" என்றார் மாமா. "ஒன் கைதானக்கா அத்தான் கை மேல இருந்துச்சு?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்ணும் பாக்கல" என்றாள்.

நான் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அப்பா சுண்டுனாவ! நான் பாத்தேன்! அம்மா கையும் சேந்து தூக்குச்சு!" என்று கத்தினேன். சம்மாட்டி என் தலையைத் தடவினார். "புள்ள மாமனுக்குப் பரிஞ்சு பேசுது" என்றார் வருத்தமாக. அம்மா என்னை அடிக்கவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதோடு கடல் அவருக்கு முடிந்தது.

உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். கடல்காரன் உப்பளத்தில் கூலிக்கு நிற்பது நம் தெருவில் எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியும். வெயிலில் உப்பு வெள்ளை கண்ணைப் பறிக்கும், காலில் வெடிப்பு வெடிப்பாகப் புண் வரும். அம்மாவும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஊர், ஒரே கோவில். பூசைக்கு அவர் ஆண்கள் பக்கம் நிற்பார், இவள் பெண்கள் பக்கம் முட்டிபோட்டிருப்பாள், சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கிவிட்டு ஆளுக்கொரு வாசலில் வெளியேறுவார்கள். நான் பெரியவளாகிக் கல்யாணமாகி மில்லர்புரம் போனேன், பிள்ளைகள் பிறந்தன. அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா வீட்டுக்குத் தனியாகப் போய் வருவேன்.

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டே விட்டேன். "மாமா, அம்மாவுக்குத் தெரியும். அவ பொய் சொன்னா. உங்களுக்குக் கோவமே வரலியா?"

மாமா, உப்பளத்தில் கெட்டுப்போய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கண்ணைத் துடைத்தார். "தெரியும்ளா. அவ கையும் தூக்குனத நான் பாக்கலன்னா நெனைக்க? அன்னைக்கு அவ மொகத்தப் பாத்தேன். உண்மையச் சொன்னா அவ செத்துருவா. நம்ம ஆளுக எதுக்குக் கயிறு பிடிக்கோம்? கூடப்பெறந்தவளுக்காகத்தான?"

அதை அப்படியே கொண்டு போய் அம்மாவிடம் சொன்னேன். இதைக் கேட்டால் உருகி எழுந்து தம்பி வீட்டுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். அப்போது அவளுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. குசினியில் உட்கார்ந்து சாளை மீனைச் சட்டியில் உரசிக்கொண்டிருந்தாள். உரசுவதை நிறுத்தவில்லை.

"அவன் இழுத்தது சரின்னா, நான் ரயில்ல ஏத்துனது தப்புன்னு ஆவும்லா" என்றாள். "பாளையங்கோட்டைன்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான்தான் கேக்கல. அப்பறம் நான் எப்படிளா இருந்து ஒன்ன வளத்திருப்பேன்?"

எனக்கு அவள் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அவளைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் மீனைக் கழுவி, புளியைக் கரைத்து, அடுப்பில் ஏற்றினாள். கொதி வந்ததும், என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அவனுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"ஒரு கண்ணு தெரியலியாம்" என்றேன்.

அம்மா தூக்குச்சட்டியைக் கழுவிக் குழம்பை ஊற்றினாள். நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டு, மூடியை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போய்க் குடு" என்றாள். "நான் குடுத்தேன்னு சொல்லிராத."